சின்ன ரிவால்வர், கனமான விசை: குட்டைக் குழல் துப்பாக்கியில் பழகுவது எப்படி

ஐந்து தோட்டா பிடிக்கும் குட்டி ரிவால்வரை பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நாள் முழுக்கத் திரிவது சுலபம். ஏழு கஜத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் அந்த ஐந்தையும் போடுவது அவ்வளவு சுலபமில்லை. கடைக்காரர் “புதுசா வர்றவங்களுக்கு இதுதான் நல்லது, சிம்பிள்” என்று எடுத்து நீட்டுவார். இயக்கம் எளிது என்பது உண்மை. ஆனால் கைத்துப்பாக்கி வகைகளிலேயே சுடக் கடினமானவற்றில் ஒன்று இது என்பதை அவர் பெரும்பாலும் சொல்வதில்லை.

அமெரிக்காவில் இந்த வகைக்கு நீண்ட வரலாறு உண்டு. கோல்ட் நிறுவனம் ஆறு தோட்டா டிடெக்டிவ் ஸ்பெஷலை 1927இல் கொண்டுவந்தது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1950இல் ஐந்து தோட்டா சீஃப்ஸ் ஸ்பெஷலை வெளியிட்டது. ஜே ஃபிரேம் என்று இன்று எல்லோரும் சொல்லும் குடும்பத்தின் தொடக்கம் அதுதான். இப்போது பரவலாகக் கையில் இருப்பவை அதே குடும்பத்து 442, 642 மாடல்களும், 2009இல் வந்த ரூகர் எல்சிஆரும். கீழே சொல்வதெல்லாம் .38 ஸ்பெஷல் தோட்டா போடும் இந்த வகைத் துப்பாக்கிகளை மனத்தில் வைத்துச் சொல்வது.

முதலில் சட்டம். எச்1பி, எஃப்1 போன்ற விசாவில் அமெரிக்காவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை போடுகிறது. மாநில வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. “வாங்கத்தானே கூடாது, சுடும் பயிற்சி நடக்கும் ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்க்கலாமே” என்று நினைக்க வேண்டாம், அதுவும் வைத்திருப்பதுதான். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. மறைத்து எடுத்துச் செல்வதற்கான விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சிலவற்றில் உரிமம் வேண்டும், பலவற்றில் வேண்டாம். ஒரு மாநிலத்து உரிமம் எல்லை தாண்டினால் செல்லாமலும் போகலாம். எப்போது சுடலாம் என்ற கேள்விக்கு இந்தக் கட்டுரையில் பதில் இல்லை. அதற்கு உங்கள் மாநிலச் சட்டம் தெரிந்த பயிற்சியாளரின் வகுப்பில் ஒரு நாள் உட்காருங்கள்.

ஏன் இவ்வளவு கடினம்

642இன் எடை தோட்டா இல்லாமல் சுமார் 15 அவுன்ஸ், ஏறத்தாழ 425 கிராம். அதன் விசையை இழுக்கத் தேவைப்படும் அழுத்தமோ 12 பவுண்டு அளவில், அதாவது சுமார் ஐந்தரைக் கிலோ. அரைக் கிலோகூட இல்லாத ஒரு பொருளை ஐந்தரைக் கிலோ பலத்தால் இழுக்கும்போது, பொருள் அசையாமல் விசை மட்டும் அசைய வேண்டும். இதுதான் மொத்தச் சிக்கலும். இதற்கு மேல் குழல் இரண்டு அங்குலத்துக்கும் குறைவு. குறிபார்க்க உதவும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி மிகச் சின்னது என்பதால், கண்ணுக்குத் தெரியாத அளவு குறி விலகினாலும் தாளில் அது பெரிதாகத் தெரியும். எடை இல்லாததால் உதையும் முழுவதுமாக உள்ளங்கைக்கே வந்து சேரும்.

ஆக, பயிற்சியில் முக்கால் பங்கு விசைக்குத்தான். அதையும் தோட்டா செலவில்லாமல் வீட்டிலேயே செய்யலாம்.

வீட்டில் டிரை ஃபயர்

தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பழகுவதைத்தான் டிரை ஃபயர் என்கிறார்கள். .38 ஜே ஃபிரேம், எல்சிஆர் இரண்டும் இதைத் தாங்கும். .22 ரகத்தில் மட்டும் சிலிண்டரின் தோட்டா அறை காலியாக இருக்கும்போது இப்படி இழுக்காதீர்கள். அதன் அடிமுள் தோட்டா விளிம்பை அடிக்கும்படி அமைந்தது; தோட்டா இல்லாவிட்டால் அறையின் விளிம்பையே கொத்திவிடும். எப்படியும் ஸ்னாப் கேப் எனப்படும் போலித் தோட்டா ஐந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேறு வேலைக்கும் அது தேவைப்படும்.

துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் வகுத்த நான்கு விதிகள் இங்கும் பொருந்தும்: எந்தத் துப்பாக்கியும் தோட்டா நிரப்பியது என்றே கொள், அழிக்க விரும்பாத எதன் மீதும் குழல் வாயைத் திருப்பாதே, குறி இலக்கில் படியும்வரை விரல் விசைக்குப் போகக்கூடாது, இலக்கையும் அதன் பின்னால் இருப்பதையும் அறிந்துகொள். டிரை ஃபயரில் விபத்து நடப்பது பயிற்சியின் நடுவில் அல்ல, தொடக்கத்திலும் முடிவிலும்தான். அதனால் ஒவ்வொரு முறையும் இந்த வரிசை:

1. சிலிண்டரைத் திறந்து தோட்டாக்களை வெளியே தள்ளுங்கள். ஐந்து விழுந்ததா என்று எண்ணுங்கள். அவற்றை வீட்டின் வேறு அறையில் வைத்துவிட்டு வாருங்கள். மேசையின் மறுமுனை போதாது.
2. வெளிச்சத்தில் சிலிண்டரின் ஐந்து தோட்டா அறைகளையும் பாருங்கள். பிறகு சுண்டுவிரல் நுனியால் ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள்.
3. தோட்டா நிஜமாகவே வெடித்தாலும் தாங்கும் இடத்தை நோக்கி நில்லுங்கள். அமெரிக்க வீடுகளின் ஜிப்சம் சுவர் எதையும் தடுக்காது. தோட்டா அடுத்த அறைக்குள் போய்விடும். செங்கல் சுவர், புத்தகம் நெருக்கமாக அடுக்கிய அலமாரி, மணல் நிரப்பிய பெரிய வாளி ஆகியவை பரவாயில்லை.
4. போன் அடித்தாலோ யாராவது கூப்பிட்டாலோ, திரும்பி வந்ததும் முதலிலிருந்து சோதியுங்கள்.
5. முடித்ததும் “முடிந்தது” என்று வாய்விட்டுச் சொல்லித் துப்பாக்கியைப் பூட்டி வையுங்கள். தோட்டா நிரப்பிய பிறகு “கடைசியா ஒரே ஒரு தடவை” என்று தோன்றும். சுவரில் ஓட்டை விழுவது அந்த ஒரு தடவையில்தான்.

பிடியிலிருந்து தொடங்குவோம். வலது கையின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள பள்ளம் கைப்பிடியின் பின்பக்கத்தில் எவ்வளவு மேலே போகுமோ அவ்வளவு மேலே இருக்கட்டும். 442, 642, எல்சிஆர் ஆகியவற்றில் ஹேமர், அதாவது தோட்டா வெடிக்க அடிக்கும் சுத்தியல், உள்ளே மறைந்திருப்பதால் தாராளமாக மேலே ஏற்றலாம். வெளியே ஹேமர் உள்ள மாடலில் அது பின்னால் வரும் பாதையை விட்டு நிறுத்துங்கள். சுண்டுவிரலுக்குப் பெரும்பாலும் இடம் இருக்காது. அதைக் கைப்பிடியின் அடியில் மடித்துக்கொள்ளலாம். இடது கை வலது கைவிரல்களின் மேல் சுற்றி நன்றாக இறுக்கட்டும். இடது பெருவிரல் வலது பெருவிரலின் மேல் படியட்டும். பிஸ்டல் பழகியவர்கள் இரண்டு பெருவிரலையும் முன்னால் நீட்டி வைப்பார்கள்; இங்கே அது ஆகாது. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடுக்கு வழியாகச் சுடும்போது சூடான வாயு பக்கவாட்டில் பீறிடும். அங்கே விரல் இருந்தால் தோல் கிழியும்.

அடுத்து விரல். பிஸ்டல் வகுப்பில் விரல் நுனியின் சதையால் இழுக்கச் சொல்வார்கள். 12 பவுண்டை நுனியால் இழுக்க முடியாது. முதல் கணுவின் மடிப்புவரை விரலை உள்ளே விடுங்கள். இழுக்கும்போது நிறுத்தி நிறுத்தி, “இங்கே கொஞ்சம், இனிக் கொஞ்சம்” என்று போகக்கூடாது. ஒரே ஓட்டமாக, மாறாத வேகத்தில் பின்னால் வரட்டும். சிலிண்டர் பூட்டிக்கொள்ளும் இடத்தில் நிறுத்தி, குறியைச் சரிபார்த்து, பிறகு மீதியை இழுக்கும் பழக்கம் பலருக்கு வந்துவிடும். தாளில் ஓட்டைகள் நெருக்கமாக விழும். ஆனால் அவசரத்தில் அந்த நிறுத்தம் நடக்கவே நடக்காது. நடக்காத ஒன்றைப் பழகி என்ன பயன்?

இழுத்தபின் விரலை முழுதாக முன்னால் விடுங்கள். இதை அலட்சியம் செய்பவர்கள் அதிகம். விசை முழுவதும் முன்னால் வந்து சேருமுன் மறுபடி இழுத்தால், உள்ளுறுப்புகள் சரியாகப் பொருந்தாமல் விசை சிக்கிக்கொள்ளும், அல்லது அடிக்காமலே சிலிண்டர் ஒரு அறையைத் தாண்டிவிடும். “துப்பாக்கி மாட்டிக்கொண்டது” என்று குறைசொல்லப்படும் பல சந்தர்ப்பங்களில் மாட்டிக்கொண்டது விரல்தான்.

சரியாக இழுக்கிறோமா என்று அறிய ஒரு நாணயம் போதும். முன்குறியின் மேல், அல்லது அதற்குப் பின்னால் ஃபிரேமின் தட்டையான முதுகில், ஒரு டைம் காசை (பத்து சென்ட்) வீட்டில் யாரையாவது வைக்கச் சொல்லுங்கள். வைக்கும்போது அவர் பக்கவாட்டில் நிற்கட்டும், உங்கள் விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். அவர் பின்னால் வந்து நின்றபிறகு இழுங்கள். காசு விழாமல் தொடர்ந்து பத்து முறை வந்தால் பிறகு வேகம் கூட்டலாம். முன்குறி கண்ணுக்குச் சரியாகப் படவில்லையென்றால், ஸ்பிரிட் தொட்டு எண்ணெய்ப்பசையைத் துடைத்துவிட்டு வெள்ளை நகப்பூச்சு ஒரு அடுக்கு, அதன் மேல் ஆரஞ்சு ஒரு அடுக்கு பூசுங்கள். சில்லறைச் செலவில் இதைவிட நல்ல மாற்றம் இந்தத் துப்பாக்கிக்குக் கிடையாது.

ஒரு வேளைக்கு 20 முதல் 25 இழுப்பு போதும். வாரத்தில் நான்கு நாள். ஒரேயடியாக நூறு இழுத்தால் விரல் களைத்து, கடைசி ஐம்பதில் தவறாக இழுக்கத்தான் பழகுவீர்கள். விசை கனமாக இருக்கிறதென்று இணையத்தில் பார்த்து மென்மையான ஸ்பிரிங் மாற்றாதீர்கள். ஹேமர் ஸ்பிரிங் பலவீனமானால் தோட்டாவின் அடியில் முதலில் பற்றும் பிரைமர் சில நேரம் வெடிக்காது. தற்காப்புக்கு வைத்திருக்கும் துப்பாக்கியில் அந்தப் பேரம் கட்டுப்படியாகாது.

ரேஞ்சுக்குப் போகும் முன்

பழகுவதற்கு 148 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) வாட்கட்டர் தோட்டாவைத் தேடி வாங்குங்கள். முனை தட்டையாக, கூட்டோடு மட்டமாக இருக்கும். உதை மிகக் குறைவு. தாளில் பேப்பர் பஞ்ச் போட்டதுபோல் வட்டமான ஓட்டை விழும். கிடைக்காவிட்டால் 158 கிரெய்ன் ஈயக்குண்டு அல்லது 130 கிரெய்ன் செம்புறை. ப்ளஸ் பி என்று குறித்த கூடுதல் அழுத்தத் தோட்டாவைப் போடுமுன் குழலில் அதற்கான முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பழைய அலுமினிய ஃபிரேம் மாடல்கள் பலவற்றுக்கு அது ஆகாது. .357 மேக்னம் என்ற பலமான தோட்டா போடக்கூடிய இறகுபோன்ற குட்டி ரிவால்வர்களும் விற்கிறார்கள். அதில் மேக்னம் சுட்டுப் பழகத் தொடங்கினால் ஒரு பெட்டி முடிவதற்குள் கண்ணை மூடிக்கொண்டு சுடும் வழக்கம் ஒட்டிக்கொள்ளும். அதைப் போக்க ஆறு மாதம் ஆகும்.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். உள்ளரங்க ரேஞ்சில் காதுக்குள் அடைப்பானும் அதன் மேல் மஃப்பும் இரண்டும் போடுங்கள். குட்டைக் குழலின் சத்தம் நீளக் குழலைவிடக் காதை அதிகம் தாக்கும். சுட்டு முடிந்ததும் சாப்பிடுவதற்கு முன் குளிர்ந்த நீரிலும் சோப்பிலும் கையையும் முகத்தையும் கழுவுங்கள். ஈயத்தூள் கண்ணுக்குத் தெரியாது.

ஐம்பது தோட்டாவில் ஒரு பயிற்சி

ஒரு பெட்டிக்கு 50. அதற்கு மேல் ஒரு நாளில் சுட்டால் உள்ளங்கை வலிக்கும், வலித்தால் உதறல் வரும்.

முதல் பத்து தோட்டா மூன்று கஜத்தில். இலக்கு, 3க்கு 5 அங்குல வெள்ளை அட்டை. நேரக்கணக்கு வேண்டாம். பத்தும் அட்டைக்குள் இருக்க வேண்டும். இங்கேயே ஒன்றிரண்டு வெளியே போகிறதென்றால் தூரத்தைக் கூட்டாதீர்கள்.

அடுத்த பதினைந்தில்தான் அன்றைய பாடமே இருக்கிறது. ஐந்து கஜத்துக்குப் போங்கள். சிலிண்டரில் மூன்று நிஜத் தோட்டாவும் இரண்டு ஸ்னாப் கேப்பும் கலந்து போடுங்கள். பார்க்காமல் சிலிண்டரைச் சுற்றிவிட்டு மெதுவாக மூடுங்கள். இனி எந்த இழுப்பு வெடிக்கும், எது வெடிக்காது என்று உங்களுக்குத் தெரியாது. ஸ்னாப் கேப் வந்த இழுப்பில் “டக்” என்ற சத்தம் மட்டும் கேட்கும். அந்த நொடியில் முன்குறியைப் பாருங்கள். அசையாமல் நின்றதா? முகப்பு சட்டென்று கீழே குனிந்ததா? உதை வரப்போகிறதென்று கை முன்கூட்டியே தள்ளுவதுதான் அந்தக் குனிவு. நிஜத் தோட்டாவில் உதை அதை மறைத்துவிடும். போலித் தோட்டா காட்டிக்கொடுத்துவிடும். குனிந்தால், அந்த இடத்திலேயே துப்பாக்கியைக் காலி செய்து ஐந்து வெற்று இழுப்பு இழுத்துவிட்டுத் தொடருங்கள். இப்படி ஐந்து சுற்று. பிஸ்டலில் இந்தப் பயிற்சிக்கு மேகஸினில் யாராவது கலந்து போட்டுத் தர வேண்டும். ரிவால்வரில் ஆளே தேவையில்லை. இந்த ஒரு வசதிக்காகவே ரிவால்வரில் பழகலாம்.

ஒவ்வொரு சுற்றும் முடிந்தபின் சிலிண்டரைத் திறக்குமுன் அரை நிமிடம் துப்பாக்கியை இலக்கை நோக்கியே வைத்திருங்கள். சில நேரம் அடிபட்ட தோட்டா தாமதித்து வெடிக்கும். சத்தம் வழக்கத்தைவிட மெலிதாக “புஸ்” என்று கேட்டால் அடுத்த இழுப்பு கூடவே கூடாது. குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது வெடிக்கும். காலி செய்துவிட்டு ரேஞ்ச் அதிகாரியைக் கூப்பிடுங்கள்.

அடுத்த பத்தும் இரண்டிரண்டாக. துப்பாக்கி 45 பாகை கீழ்நோக்கி இருக்க, விரல் ஃபிரேமின் மேல். தூக்கி, முன்குறி தெரிந்ததும் இரண்டு. தரையை நோக்கி வைக்க அனுமதிக்காத ரேஞ்சும் உண்டு. அங்கே மார்புக்கு அருகில் இலக்கை நோக்கிப் பிடித்துக்கொண்டு தொடங்கலாம். இரண்டு குண்டுக்கும் இடையில் கைப்பிடி நழுவி உட்கார்ந்துகொண்டதா என்று கவனியுங்கள். நழுவினால் பிடியின் இறுக்கம் போதவில்லை, அல்லது கைப்பிடி உங்கள் கைக்குச் சின்னது.

அதன்பின் ஒற்றைக் கை, மூன்று கஜம்: வலதில் ஐந்து, இடதில் ஐந்து. நிஜத்தில் ஒரு கையில் குழந்தையோ கதவோ இருக்கலாம்.

மீதி ஐந்து, சோதனைக்கு: ஐந்து கஜம், ஐந்து அங்குல வட்டம், ஐந்து தோட்டா, ஐந்து நொடி. பயிற்சியாளர்கள் பலர் வைக்கும் அளவுகோல் இது. நொடிக்கு ஒன்றுக்கு மேல் சுடக்கூடாது என்று விதி வைத்திருக்கும் ரேஞ்சிலும் செல்லுபடியாகும். முதல் சில மாதம் இதைக் கடைசியில் வையுங்கள். பிறகு முதல் ஐந்தாக, கை சூடேறாமலே, சுட்டுப் பாருங்கள். உண்மை நிலவரம் அப்போது தெரியும்.

தாள் சொல்லும் செய்தியைப் படிக்கவும் தெரிய வேண்டும். வலக்கைக்காரருக்கு ஓட்டைகள் கீழே இடப்பக்கம் குவிந்தால், விசை விரலோடு மற்ற விரல்களும் சேர்ந்து பிசைகின்றன; மாடு கறப்பதுபோல். இடது கை இறுக்கத்தைக் கூட்டி, வலதில் விசை விரல் மட்டும் அசையப் பழகுங்கள். மேலும் கீழுமாக ஒரே கோட்டில் பரவினால் பிடி ஒவ்வொரு முறையும் மாறுகிறது. ஐந்தும் நெருக்கமாக விழுந்து, மொத்தமாகச் சற்றுக் கீழே இருந்தால் கோளாறு கையில் இல்லாமலும் இருக்கலாம்: குறி நிலையானது, 158 கிரெய்ன் எடையை ஒட்டி அமைத்தது, இலகுவான, வேகமான குண்டு கொஞ்சம் கீழே படும்.

காலி செய்வதும் நிரப்புவதும்

ஜே ஃபிரேமின் எஜெக்டர் கம்பி குட்டை. காலிக் கூடுகளை முழுதாக வெளியே தள்ளும் நீளம் அதற்கு இல்லை. அதனால் முகப்பை நேராக வானத்தை நோக்கி நிறுத்தி, உள்ளங்கையால் ஒரே ஒரு பலமான தட்டு. மெதுவாகப் பலமுறை அழுத்தினாலோ துப்பாக்கியைப் படுக்கவைத்துத் தட்டினாலோ ஒரு கூட்டின் விளிம்பு, கூடுகளைத் தள்ளும் நட்சத்திரத் தகட்டின் அடியில் நழுவிச் சிக்கும். சிக்கினால் தகட்டைத் தூக்கிப் பிடித்து நகத்தாலோ பேனாக்கத்தியாலோ நெம்பித்தான் எடுக்க வேண்டும். அது நிதானமான வேலை.

நிரப்ப முகப்பைத் தரைப்பக்கம் திருப்புங்கள். வட்டமான ஸ்பீட்லோடர் ஐந்தையும் ஒரே நேரத்தில் போடும், ஆனால் பாக்கெட்டில் உப்பலாக இருக்கும். ரப்பர் பட்டை வடிவ ஸ்பீட் ஸ்ட்ரிப் தட்டையாகக் கிடக்கும். இரண்டு இரண்டாக அறையில் செருகிப் பக்கவாட்டில் உரித்தெடுக்க வேண்டும். பழகும்போது இரண்டு மட்டும் போட்டு மூடுவதையும் பழகுங்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் சிலிண்டர் உங்கள் பக்கமிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றும், கோல்ட் வலஞ்சுழியாக. குறைவாக நிரப்பும்போது எந்த அறை அடுத்து வரும் என்பது இதைப் பொறுத்தது. சினிமாவில் வருவதுபோல் மணிக்கட்டை உதறி சிலிண்டரை மூடினால் அதைத் தாங்கும் கிரேன் வளையும். பிறகு ஒவ்வோர் அறையும் குழலோடு நேர்கோட்டில் நிற்காது. இரண்டு கையால் மூடுங்கள்.

பாக்கெட்டிலிருந்து எடுப்பது

பெரும்பாலான உள்ளரங்க ரேஞ்சில் உறையிலிருந்து உருவ அனுமதி இல்லை. எனவே இதுவும் வீட்டில், மேற்சொன்ன சோதனையோடு, வெற்றுத் துப்பாக்கியில். பாக்கெட் ஹோல்ஸ்டர் விசை வளையத்தை முழுதாக மூட வேண்டும். அந்தப் பாக்கெட்டில் சாவி, சில்லறை, எதுவும் கூடாது. கையை முஷ்டியாக மூடிக்கொண்டு இழுத்தால் பாக்கெட் வாயில் மாட்டும். பெருவிரலை ஹேமர் மூடியின் மேல் வைத்துக் கையைத் தட்டையாக்கி உருவுங்கள். வெளியே வந்தபின் பெருவிரல் கீழே இறங்கிப் பிடிக்கட்டும். திருப்பி வைக்கும்போது ஹோல்ஸ்டரை வெளியே எடுத்து, துப்பாக்கியை அதில் செருகி, இரண்டையும் சேர்த்துப் பாக்கெட்டில் விடுங்கள். பாக்கெட்டுக்குள்ளேயே தடவித் தடவிச் செருகக்கூடாது.

எடுத்துச்செல்லும் தோட்டாவையும் ஒருமுறை சோதிக்க வேண்டும். ஐந்து போட்டு நான்கைச் சுட்டுவிட்டு, ஐந்தாவதை வெளியே எடுத்துச் சுடாத புதுத் தோட்டாவோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எடை குறைந்த துப்பாக்கியின் உதையில் குண்டு கூட்டிலிருந்து முன்னால் நழுவும். போதுமான அளவு நழுவினால் முனை ஃபிரேமில் இடித்துச் சிலிண்டர் சுற்றாது. நீளம் கூடியிருந்தால் அந்தத் தோட்டா இந்தத் துப்பாக்கிக்கு ஆகாது.

சுத்தம் செய்யும்போது பழைய பல்துலக்கியால் நட்சத்திரத் தகட்டின் அடியைத் தேய்க்க மறக்காதீர்கள். எரியாத வெடிமருந்துத் துகள் இரண்டு அங்கே தங்கினாலே சிலிண்டர் மூட மறுக்கும், விசை கல்லாகும். பாக்கெட்டில் இருப்பதற்கு எதிரி வேறு: துணிப்பஞ்சு. வாரம் ஒருமுறை காலி செய்து, குழலின் வாயையும் பின்குறிப் பள்ளத்தையும் விசையின் பின்புறத்தையும் ஊதித் துடைத்து, ஹோல்ஸ்டரையும் உள்வெளியாக உதறிவிட்டு, ஐந்தையும் எண்ணி நிரப்புங்கள்.